காரட் மாத்திரையும் கன்னத்துப் புகையிலையும்

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வாக்கில், சுத்தத்துக்குப் பெயர் வாங்கிய சின்னத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. சின்னப்பாப்பாவின் வாய் கெட்டுப்போனதில் அந்தச் சுத்தத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

பெயர் சின்னப்பாப்பா என்றாலும் அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. முத்தியால்பேட்டையில் பிறந்து, முத்தியால்பேட்டையிலேயே இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவர். அப்பா மில் தொழிலாளி. புருஷன் இராமதாஸும் மில் தொழிலாளி. மில்லுக்குள் பஞ்சு பறக்கும், பீடி பற்றவைக்க முடியாது. அதனால் மில்காரர்கள் கன்னத்தில் புகையிலை அதக்கிக்கொண்டு வேலை பார்த்தார்கள். பிறகு ஆள்குறைப்பு வந்தது. இராமதாஸ் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் ஆனார். அங்கே தீப்பிடிக்க ஒன்றும் இல்லை என்பதால் புகையிலையை விட்டுவிட்டுப் பீடிக்கு மாறினார். வாழ்க்கையில் தான் ஒழித்த கெட்ட பழக்கங்களில் முதலாவதாக அதைத்தான் சொல்வார்.

சின்னப்பாப்பா புகையிலைக்கு வந்த வழி வேறு. இரண்டாவது பிள்ளை பெற்ற சமயத்தில் இடதுபக்கக் கடைவாய்ப் பல் வலித்தது. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு டாக்டரிடம் போய் உட்கார முடியாது. புருஷன் மடியிலிருந்து ஒரு துண்டு புகையிலையை எடுத்து வலித்த இடத்தில் வைத்துக்கொண்டார். வலி போயிற்று. சில வருஷத்தில் பல்லும் போயிற்று. புகையிலை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

தொழிற்சாலையின் முதலாளி ஜெரார். வேலைக்காரர்களுக்கு அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சரக்குக் கிடங்கு பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பிய தமிழர். அவர் வயதுக்காரர்கள் சீட்டாடிக்கொண்டும் அடுத்த பயணத்துக்கு டிக்கெட் விசாரித்துக்கொண்டும் இருக்க, இவர் மாத்திரைத் தொழிலில் இறங்கினார். காரட்டிலும் பப்பாளியிலும் கீரையிலும் இருக்கிற கரோட்டின் என்னும் சத்தை எண்ணெயில் கலந்து, மொச்சைக்கொட்டை அளவில் வழவழப்பான உறைக்குள் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். வேலை பார்த்த பெண்கள் அதைக் காரட் மாத்திரை என்றார்கள். காரட் என்று ஒன்று அந்த வாசலுக்குள் வந்ததே இல்லை. சரக்கு டிரம்மில், கருஞ்சிவப்புக் குழம்பாக வந்து இறங்கும்.

சின்னப்பாப்பாவுக்குப் பொறுக்கும் அறையில் வேலை. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை. அதன்மேல் ஆரஞ்சு நிற மாத்திரைகள் பரவிக் கிடக்கும். ஒழுகினது, நசுங்கினது, இரண்டு ஒட்டிப் பிறந்தது எல்லாவற்றையும் பார்த்துப் பொறுக்கி வாளியில் போட வேண்டும். அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது என்று ஜெராரே சொல்வார். தலைக்குக் குல்லா, கைக்கு உறை, வாய்க்கு மாஸ்க். டீ நேரத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் நடுவில் எழுந்து போகக் கூடாது. துப்புவதைப் பற்றிச் சட்டம் எழுதவே இல்லை, அது அங்கே நினைத்துப் பார்க்கக்கூட முடியாத காரியம்.

இங்கேதான் சுத்தம் தன் வேலையைக் காட்டியது. அதுவரை சின்னப்பாப்பா வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று முறையாகப் போட்டு, முறையாகத் துப்பிக்கொண்டிருந்தவர். வெற்றிலை போட்டால் வாய் சிவக்கும், எச்சில் ஊறும். ஆகவே வெற்றிலையை விட்டார். பாக்கையும் விட்டார். வெறும் புகையிலையைச் சுண்ணாம்பு தொட்டுக் கசக்கி இடது கன்னத்தில் அதக்கிக்கொண்டு மாஸ்க்கை மாட்டிவிட்டால், மத்தியானம்வரை யாருக்கும் தெரியாது. ஊறுகிற கொஞ்சநஞ்சத்தை விழுங்கிவிடுவார். பல் வெளுத்தது. வெளிநாட்டிலிருந்து பார்வையிட வந்தவர் ஒருவர், பணிப்பெண்களின் சுத்தம் மெச்சத்தக்கது என்று ஜெராரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாத்திரை என்ன செய்யும் என்று தொழிலாளர்களுக்கும் தெரிய வேண்டும் என்பது ஜெராரின் கொள்கை. சூப்பர்வைசர் நெடுமாறன் ஒரு சனிக்கிழமை எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். கண்ணுக்கு நல்லது, தோலுக்கு நல்லது, உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு நல்லது, புகையிலை போடுகிறவர்களுக்கு வருகிற வாய்ப்புற்றை இது தடுக்குமா என்று ஆராய்ச்சிகூட நடக்கிறது என்றார். முடிவாக ஒன்றும் சொல்வதற்கில்லை, புகையிலையை விடுவதுதான் வழி என்றும் சொன்னார். நேர்மையான மனிதர், எதையும் மறைக்கவில்லை. கேட்டவர்தான் தனக்கு வேண்டிய அளவுக்குக் கேட்டுக்கொண்டார்.

சின்னப்பாப்பாவுக்கு வாய்ப்புற்று என்றால் என்ன என்று தெரியும். தெருவில் எதிர் வரிசை வீட்டில் இருந்த லட்சுமி, மில்லில் நூல் சுற்றியவர், கன்னத்தில் கட்டி வந்து வெட்டியெடுத்த பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினார். கஞ்சி மூக்குக் குழாய் வழியாகப் போனது. அடுத்த மாசிமகத்துக்கு அவர் இல்லை. லட்சுமிக்கும் புகையிலைதான். சின்னப்பாப்பா அந்தச் சாவுக்குப் போய்வந்து, பயந்து, பயத்தை அடக்க ஒரு துண்டு கூடுதலாக வைத்துக்கொண்டார்.

இப்போது வழி கிடைத்துவிட்டது. குழம்பில் உப்பு கூடிப்போனால் யாராவது குழம்பைக் கொட்டுகிறார்களா? ஒரு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுச் சரிக்கட்டுவார்கள். அதே கணக்கில், ஒருமுறை புகையிலை வைத்தால் ஒரு மாத்திரை. விற்கிற மாத்திரையைத் தொடவில்லை, அது திருட்டு. வாளிக்குப் போகிற ஒட்டுப்பிறவிகளைத்தான் எடுத்தார். ஒரு ஒட்டுப்பிறவியில் இரண்டு மாத்திரைச் சத்து என்பதையும் யோசித்துவைத்திருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிற செல்வாம்பாள் ஒருநாள் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, வேர்க்கடலையா துன்ற?"

"மருந்துடி."

"இன்னாத்துக்கு?"

சின்னப்பாப்பா மாஸ்க்கின் மேலேயே கன்னத்தைத் தட்டிக் காட்டினார்.

"அதை விட்டுட்டா இது வேணாமே."

"விட்டுட்டா இம்மாம் மருந்து வீணாப்பூடுமேடி."

செல்வாம்பாளுக்கு இது நியாயமாகப் பட்டது. புகையிலைப் பழக்கம் இல்லாதவர் என்றாலும், முன்னெச்சரிக்கையாகத் தானும் இரண்டு எடுத்துப் போட்டுக்கொண்டார். கசக்கவில்லை, இனிக்கவும் இல்லை. அதோடு விட்டுவிட்டார்.

மாதக் கடைசியில் வாளி லேசாக இருந்தது. கழிவு குறைந்திருப்பதைக் கண்டு ஜெரார் பொறுக்கும் அறைக்கே வந்து "பிராவோ" என்றார். ஆளுக்கொரு ஸ்வீட் பாக்கெட் கொடுத்தார். இயந்திரத்தைச் சரியாக ஓட்டியதற்காக நெடுமாறனுக்குக் கைகொடுத்தார். நெடுமாறன் தான் என்ன செய்தோம் என்று யோசித்துக்கொண்டே கைகொடுத்தார்.

மாத்திரை தின்ன ஆரம்பித்து இரண்டு மாதம் போயிருக்கும். சோறு போடும்போது இராமதாஸ் பெண்டாட்டியின் கையைப் பார்த்தார்.

"கையைக் காட்டு."

"மஞ்சள் அரைச்சேன்."

"நேத்தும் அதான் சொன்ன. கால்லயுமா அரைச்ச?"

சின்னப்பாப்பா குனிந்து பார்த்தார். உள்ளங்காலும் உள்ளங்கையும் ஒரே மஞ்சள். பூசினதுபோல் இல்லை, உள்ளிருந்து கசிந்ததுபோல் இருந்தது.

"காமாலை" என்றார் இராமதாஸ். வாட்ச்மேன் வேலையில் யோசிக்க நேரம் அதிகம், முடிவுக்கு வருவதில் அவர் தாமதிப்பதில்லை. மறுநாள் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். அதற்குள் தெருவுக்கும் சொல்லியாயிற்று. தெருவிலிருந்து செய்தி சைக்கிளேறித் தட்டாஞ்சாவடிக்கும் போயிற்று.

நெடுமாறன் வாசலிலேயே நிறுத்தினார். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. காமாலைக்காரங்க திங்கிற பொருளைத் தொடக் கூடாது. டாக்டர்கிட்ட காட்டி இல்லன்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெண்விழி வெள்ளையாகவே இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் காமாலை இல்லை.

"காரட் நெறைய சாப்பிடறீங்களா?"

"காரட்டா? அதெல்லாம் கல்யாணத்துல பொரியல் போட்டாத்தான் சார்."

டாக்டர் குழம்பிப்போய், நாக்கைத் தூக்கச் சொன்னார். காமாலை இருந்தால் நாக்கின் அடியிலும் மஞ்சள் தெரியும். அங்கே மஞ்சள் இல்லை. ஆனால் டார்ச் வெளிச்சம் இடதுபக்கம் ஒதுங்கியபோது கன்னத்தின் உட்புறம் வேறொன்று தெரிந்தது. காய்ந்த சுண்ணாம்பை அப்பியதுபோல் வெள்ளைத் திட்டு. பஞ்சால் துடைத்தார், வரவில்லை.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"எது?"

இல்லாத காமாலையைத் தேடப் போய் இருக்கிற திட்டைக் கண்டுபிடித்தார்கள். மாத்திரை தின்று கை மஞ்சளாகாமல் இருந்திருந்தால் அவர் அன்றைக்கு யாரிடமும் வாயைத் திறந்திருக்கமாட்டார். மாத்திரை வாய்க்கு வேறு ஏதேனும் நன்மை செய்ததா என்பது தெரியாது. இந்த ஒரு நன்மை செய்தது உறுதி.

பல் பிரிவில் இருந்தவர் டாக்டர் கவிநிலா. சின்னவயசுப் பெண். திட்டிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சின்னப்பாப்பா அவரிடம் மாத்திரைக் கதையைச் சொல்லிவிட்டார். கம்பெனிக்குச் சொல்லிடாதம்மா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

முடிவு வரும்வரை அவர் லட்சுமியின் முந்தானையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இராமதாஸ் கீழாநெல்லியை நிறுத்தவில்லை. காமாலைக்கு இல்லாவிட்டாலும் இதற்குக் கேட்காதா என்று அவருக்கு ஒரு நப்பாசை. சின்னப்பாப்பாவும் மறுக்காமல் குடித்தார். புகையிலையையும் நிறுத்தவில்லை. பயத்துக்கு அதுதானே துணை.

முடிவைக் கவிநிலா நேராகச் சொன்னார்.

"புத்து இல்லம்மா. ஆனா செல்லு லேசா மாற ஆரம்பிச்சிருக்கு. இப்படியே விட்டா சிலருக்குப் புத்தாவும், சிலருக்கு ஆவாது. நீங்க எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது."

"மாத்திரை துன்னதாலதான் ஆவாம நின்னுச்சா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"இன்னா டாக்டரம்மா, படிச்சவங்க நீங்க."

கவிநிலா சிரித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்கும்மா. தப்பா வளர்ற செல்லைப் பார்த்தா அது புடிச்சு அழிச்சுடும். நீங்க தினம் புகையிலை வைக்கிற எடத்துல அந்தக் காவல் அசந்துபோவுது."

"எங்க ஊட்டுக்காரரும் காவல்தான். மண்டபத்துல. சேர் போட்டுத் தூங்குவாரு."

"அதேதான். அந்தக் காவலைக் கரோட்டின் தட்டி எழுப்பும்னு ஒரு கணிப்பு. கேரளாவுல புகையிலை போடறவங்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. சிலருக்குத் திட்டு சுருங்குச்சு. நிறுத்தினதும் நெறைய பேருக்குத் திரும்ப வந்துடுச்சு."

"அப்போ நிறுத்தாம துன்னா?"

"பின்லாந்துன்னு ஒரு நாடு. சிகரெட் புடிக்கிற ஆம்பளைங்களுக்கு வருஷக்கணக்கா இந்த மாத்திரையைக் கொடுத்தாங்க. நுரையீரல் புத்து குறையும்னு எதிர்பார்த்தாங்க. கூடிடுச்சு. மாத்திரை வேணாம். கீரை, பப்பாளி, பூசணி சாப்பிடுங்க, அதுல கெடுதல் இல்ல. ஆனா காவல்காரரு ராவும் பகலும் முழிச்சிருந்தாலும், நீங்க கதவைத் தொறந்து திருடனை உள்ள உட்டுக்கிட்டே இருந்தா அவரு இன்னா பண்ணுவாரு? புகையிலையை நிறுத்திட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க. அப்பவும் திட்டு இப்படியே இருந்தா வெட்டி எடுக்கணும்."

வெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் சின்னப்பாப்பா கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

காமாலை இல்லை என்று எழுதிய சீட்டோடு தொழிற்சாலைக்குப் போனார். நெடுமாறன் சீட்டையும் கையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் கூட்டிப்போனார். ஜெரார் கேட் அருகே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். சின்னப்பாப்பாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவருடைய பேத்தி க்ளோயே கைக்குழந்தையாக இருந்தபோது பாரிசில் காரட்டை மசித்து ஊட்டி ஊட்டி இதே நிறத்தில் வைத்திருந்தார்கள்.

"நம்ம சரக்கைத்தானே துன்ன?"

"வாளில போறதுதான் முசியே. நல்லதைத் தொடல."

ஜெராரின் முகத்தில் இரண்டு உணர்ச்சிகள் ஒரே சமயத்தில் இடம் கேட்டன. கழிவு குறைந்த மர்மம் விளங்கிவிட்டது, அதில் கோபம். ஆனால் சரக்கில் உண்மையிலேயே சத்து இருக்கிறது, உடம்பில் சேர்கிறது என்பதற்குக் கண்முன்னே இரண்டு கை சாட்சி சொல்கிறது. அதில் பெருமை. "பாத்தியாடா நெடுமாறா" என்று ஆரம்பித்தவர், தான் கோபப்பட வேண்டியவர் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

சின்னப்பாப்பா திட்டைப் பற்றியும் சொன்னார். பின்லாந்தையும் சொன்னார். முதலாளி தினமும் காலையில் தன் மாத்திரையைத் தானே விழுங்குகிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"அது குளிர் தேசம்" என்றார் ஜெரார்.

"சிகரெட்டு ஒண்ணுதானே முசியே."

ஜெரார் கையிலிருந்ததை இன்னொரு இழுப்பு இழுத்தார். மறுநாளிலிருந்து மாத்திரையை விட்டுவிட்டார். சிகரெட்டை அல்ல.

"சரி, போனது போவட்டும். போய் மேஜைல உக்காரு" என்றார்.

"மேஜை வேணாம். என்னை அட்டைப்பெட்டிப் பக்கம் போடுங்க."

அட்டைப்பெட்டிப் பகுதி ஷட்டரை ஒட்டிய இடம். தூசி, வெயில். பொறுக்கும் அறைக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சம்பளமும் ஒரு படி கீழே.

"உன் கண்ணு மாதிரி கண்ணு எனக்கு எங்க கிடைக்கும்? யாராவது எறங்கிப் போவாங்களா?"

"அங்க மாஸ்க் இல்ல முசியே. பெட்டி நம்பரைச் சத்தமா படிக்கணும், எதிர்ல இருக்கறவன் எழுதணும். வாயில எதையாச்சும் வச்சுக்கிட்டுப் படிக்க முடியாது. மேஜைல உக்காந்தா எனக்குக் கை தன்னால மடிக்குப் போவும். மூடிக்கிட்டா யாருக்குத் தெரியுது?"

சுத்தத்துக்காகவே கட்டிய அறையைப் பற்றி இப்படி ஒரு குறையை ஜெரார் கேட்டதில்லை. யோசித்துவிட்டு, மாற்றிக் கொடுத்தார்.

அந்த மூன்று மாதத்தைச் சின்னப்பாப்பாவின் வாழ்க்கையில் சிறந்த காலம் என்று சொல்ல முடியாது. தலை வலித்தது. மலச்சிக்கல். கன்னத்தில் கிராம்பு வைத்துப் பார்த்தார், சோம்பு வைத்துப் பார்த்தார், ஏமாற்றுவேலை என்று கன்னத்துக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி நம்பரை அவர் படித்த தோரணையில் எதிரே எழுதுகிறவன் திட்டு வாங்குவதுபோல் உட்கார்ந்திருந்தான். வீட்டில் இராமதாஸ் பீடியைப் பற்றவைத்தால் சண்டை. "நான் இங்க செத்துக்கினு கீறேன், நீ ஊதிக்கினு கீற" என்பார். அவர் கொல்லைப்பக்கம் போய்ப் பிடித்துவிட்டு வருவார்.

முருங்கைக்கீரையில் பிரச்சனை இல்லை. பப்பாளிதான் அவருக்கு ஆகாது. அந்த வாசனையே குமட்டும். புருஷன் வாங்கிவந்து நறுக்கி வைப்பார். இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு துண்டு தின்பார், மீதியை அவர் தின்பார். மொத்தத்தில் இராமதாஸுக்குத்தான் கரோட்டின் அதிகம் போயிற்று.

ஒரே ஒரு முறை வழுக்கினார். கடலோரத்துக் குருசுக்குப்பத்தில் சொந்தக்காரர் வீட்டுச் சாவு. வெற்றிலைத் தட்டு சுற்றிவந்தது. சாவு வீட்டில் நீட்டிய தட்டைத் தள்ளினால் பகை என்று எடுத்துக்கொள்வார்கள். வெற்றிலையை மட்டும் எடுத்தால் போதும் என்று நினைத்தார். கை புகையிலையையும் சேர்த்து எடுத்தது. வாயில் வைத்த பிறகு அழுதார். துக்கத்துக்கு அழுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். எழுந்துபோய்த் துப்பிவிட்டு, கடல் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மூன்று மாதம் கழிந்து போனபோது கை பழைய நிறத்துக்கு வந்திருந்தது. கவிநிலா டார்ச்சை அடித்து, கண்ணாடியை வைத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். சின்னப்பாப்பா நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. சாவு வீட்டில் நடந்ததை வந்ததும் சொல்லியிருந்தார், அதுதான் காரியத்தைக் கெடுத்துவிட்டதோ என்று பயம்.

"பாதிக்கு மேல கொறஞ்சிருக்கு. தடிப்பும் எறங்கியிருக்கு. இப்போதைக்கு வெட்ட வேணாம்."

சின்னப்பாப்பா வாயை மூடிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வந்த வேலையை ஆரம்பித்தார்.

"எதனால கொறஞ்சுது? கீரையா, பப்பாளியா?"

"புகையிலையை நிறுத்தினதாலதாம்மா பெரும்பாலும்."

"அதை உட்டு வேற எதையாச்சும் சொல்லுங்க. பப்பாளின்னு சொன்னாக்கூடத் துன்னுட்டுப் போறேன். கஷ்டமான ஒண்ணையே புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே."

"பப்பாளிக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம். எவ்வளவுன்னு கேக்காதீங்க."

"மிச்சம் இருக்கறது போயிடுமா?"

"தெரியாது. இன்னும் மூணு மாசம் அப்படியே இருந்துட்டு வாங்க, பாப்போம்."

தெரியாது என்பதையே இவ்வளவு தைரியமாகச் சொல்கிற பெண்ணிடம் மேற்கொண்டு பேரம் பேசுவதில் பயனில்லை என்று சின்னப்பாப்பாவுக்குப் பட்டது. வெளியே இராமதாஸ் காத்திருந்தார். "இன்னா சொன்னாங்க?" என்றார்.

"பாதி போச்சாம்."

"கீழாநெல்லி கேட்டுருக்கு" என்றார் இராமதாஸ்.

 சின்னப்பாப்பாவின் நாக்கு இடதுபக்கம் போய்த் தடவிப் பார்த்தது. சொரசொரப்பு இன்னும் இருந்தது, முன்பைவிடச் சின்னதாக. பஸ் வந்தது. மத்தியான ஷிப்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஏறிக்கொண்டார்.